பேர் போகாத கிளினிக்

ஒரு பக்கம் போதும் என்றுதான் ரிஸ்னா கேட்டார். லிந்துலைப் பக்கத்தில் நான் வேலை பார்த்த சிறிய அரசாங்க வைத்தியசாலையில், எனக்குப் பிறகு மருந்தகத்துக்குப் பொறுப்பாக வந்திருக்கும் தலவாக்கலைப் பிள்ளை அவர். போன வாரம் தொலைபேசியில் பேசினார்.

"சேர், நம்ம அந்திக் கிளினிக்க மத்த ஆஸ்பத்திரிகள்லயும் தொடங்கப் போறாங்களாம். அது எப்படி ஆரம்பிச்சதுன்னு எழுதி அனுப்பச் சொல்லி மேலருந்து கேக்குறாங்க. இங்க யாருக்கும் முழுசாத் தெரியல. நீங்க ஒரு பக்கம் எழுதித் தந்தாப் போதும்."

எழுதிப் பார்த்தேன். நோக்கம், பயனாளிகள், தேவையான ஆளணி என்று ஒரு பக்கம் ஒழுங்காகத்தான் வந்தது. திரும்ப வாசித்தபோது, நடந்தது எதுவுமே அதில் இல்லை. அந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டேன். அலுவலகத்துக்கு அது போதும். இது ரிஸ்னாவுக்கும், அவரைப்போல் மருந்தக ஜன்னலுக்குப் பின்னால் நிற்கப்போகிறவர்களுக்கும்.

என் அப்பா, அம்மா இருவரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்தேன். கொழும்பில் மருந்தாளர் பயிற்சி, கினிகத்தேனையில் சில வருடங்கள், அதன்பின் ஓய்வு பெறும்வரை இதே இடம். முன்பு தோட்ட ஆஸ்பத்திரியாக இருந்து அரசாங்கம் பொறுப்பெடுத்த கட்டடம் அது. இரண்டு வார்டு, ஒரு வெளிநோயாளர் பிரிவு, தகரக் கூரைக்குக் கீழே மருந்தகம். பெருமழை பெய்தால் நோயாளி சொல்வது எனக்குக் கேட்காது, நான் சொல்வது நோயாளிக்குக் கேட்காது. அப்போது விரலைக் காட்டிப் பேசுவோம்: காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

செவ்வாயும் வெள்ளியும் பிரஷர், சீனி வியாதிக் கிளினிக். நோயாளிகள் காலை ஏழு மணிக்கு வந்து தங்கள் கிளினிக் கொப்பியை மேசையில் அடுக்க வேண்டும். எட்டரைக்கு மிஸ்ஸி, அதாவது தாதி, பிரஷர் பார்ப்பார். ஒன்பதரைக்கு டொக்டர் உட்காருவார். பத்து மணியிலிருந்து கொப்பிகள் என் ஜன்னலுக்கு வரத் தொடங்கும். கொப்பியைப் பார்த்து, தட்டில் குளிசையைக் கொட்டி, ஐந்தைந்தாக ஒதுக்கி எண்ணி, கடதாசி உறையில் போட்டு, உறைமேல் பெயரையும் வேளையையும் எழுதி, வாயாலும் சொல்லிக் கொடுப்பேன். கடைசி ஆள் போகும்போது ஒரு மணியாகும். குறித்த நாளில் வராதவர்கள் அடுத்த முறை வரும்போது, கொப்பியில் சிவப்பு மையால் 'வரவில்லை' என்று எழுதுவோம்.

சிவப்பு விழுந்தவர்களை ஏசுவது என் வேலை இல்லை. ஆனாலும் ஏசினேன். "சும்மா குடுக்கிற மருந்த வந்து வாங்கிக்க ஏலாதா ஒங்களுக்கு? நாளைக்கு கைகால் விழுந்தா யாரு பாக்கிறது?" என்று ஜன்னல் வழியாகச் சத்தம் போடுவேன். வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்றே சத்தம் போடுவேன். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த நான் ஏசினால் அதில் உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிரஷருக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்த தெய்வானை என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணையும் அப்படி ஏசியிருக்கிறேன். நாற்பத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். ஏசும்போது சிரித்துக்கொண்டே உறையை வாங்கிப் போவார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கோபமூட்டும்.

அப்போது எங்களுக்குப் பொறுப்பான வைத்திய அதிகாரி டொக்டர் சமன்மலி. குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. எங்களோடு சிங்களத்திலும், நோயாளிகளோடு தான் பழகிக்கொண்ட தமிழிலும் பேசுவார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். சாதாரண நாளில் நான் 'வீரையா'. கோபமான நாளில் 'மிஸ்டர் வீரையா'. ஏதாவது தெரிய வேண்டுமென்றால் ஆளனுப்பிக் கூப்பிட மாட்டார். தானே மருந்தகத்துக்கு நடந்து வருவார். மருந்துப் பெட்டி ஒன்றின்மேல் உட்காருவார். எதற்கும் மூன்று முறை 'ஏன்' கேட்பார். முதல் ஏனுக்கு எல்லோரும் பதில் சொல்லிவிடுவோம். மூன்றாவதில் மாட்டிக்கொள்வோம்.

நாட்டில் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்ற அந்தக் காலத்தில் மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தது. கேட்டதில் பாதி வரும். சில மாதம் அதுவும் வராது. கடதாசி உறைகூட முடிந்துபோய், பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பித் தாளில் நாங்களே உறை ஒட்டினோம். ஒரு மாத மருந்துக்குப் பதிலாக இரண்டு கிழமைக்கு, அதாவது பாதி மாதத்துக்கு மட்டும் கொடுக்கும்படி மேலிருந்து சொன்னார்கள். இருப்பதை எல்லோருக்கும் பகிர்வதற்கு அதுவே நியாயமான வழியென்று எனக்கும் பட்டது.

வழி பலித்தது போலவும் இருந்தது. சில மாதத்தில் பிரஷர் குளிசை கையிருப்பில் மிஞ்சத் தொடங்கியது. மற்ற வைத்தியசாலைகளில் மருந்து ராக்கை காலியாக இருக்க, என்னிடம் இருக்கிறது என்று எனக்குப் பெருமை. அந்த வருடக் கடைசியில் அடுத்த வருடத்து மருந்து மதிப்பீட்டை எழுதினேன். போன வருடம் கொடுத்ததை வைத்துத்தான் வரும் வருடத்துக்குக் கேட்பது வழக்கம். கொடுத்தது குறைவு, ஆகவே கேட்டதும் குறைவு. டொக்டரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனேன்.

"குறைந்திருக்கிறதே, ஏன்?"

"ஆட்கள் குறைஞ்சிட்டாங்க, டொக்டர்."

"ஏன் குறைந்தார்கள்?"

"குறிச்ச நாளுக்கு வர்றதில்ல."

"ஏன் வருவதில்லை?"

"அவங்க அப்படித்தான், டொக்டர்" என்றேன். அவர் மதிப்பீட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, இரண்டு நாள் தன்னிடம் வைத்திருந்தார். அனுப்ப வேண்டிய கடைசி நாள் வந்ததும் கேள்விக்குறியை அழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருடத் தொடக்கத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில், கொழுந்து லொறி ஒன்று ஹோர்னை விடாமல் அடித்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தது. பின்னால் கொழுந்துச் சாக்குகளுக்கு மேல் தெய்வானையைக் கிடத்தியிருந்தார்கள். கூட இரண்டு பெண்கள். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்றவர் அப்படியே சாய்ந்திருக்கிறார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வலது கை தூக்கிப் பிடித்த இடத்தில் நிற்காமல் விழுந்தது.

டொக்டர் கிளினிக்கை நிறுத்திவிட்டு வந்தார். முதலில் விரலில் குத்திச் சீனி பார்த்தார். மிஸ்ஸி தில்ருக்ஷி பிரஷரைப் பார்த்துவிட்டு நம்பாமல் மற்றக் கையிலும் பார்த்தார். டொக்டர் அந்தப் பெண்களிடம் திரும்பினார்.

"கடைசியா நல்லா இருந்தது எத்தனை மணி?"

"ஒம்பது மணிக்கு தேத்தண்ணி குடிக்கையில நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்துச்சு, டொக்டரம்மா. அதுக்கப்புறம் நாங்க வேற வேற நெரையில நின்னோம்."

பிளாஸ்டர் துண்டொன்றில் அந்த நேரத்தை எழுதி, பெரிய ஆஸ்பத்திரியில் உடனே கண்ணில் படும்படி தெய்வானையின் சட்டைக் கையில் ஒட்டினார். நுவரெலியாவுக்குத் தொலைபேசியில் சொல்லி, மிஸ்ஸியைக் கூட ஏற்றி அம்புலன்ஸை அனுப்பினார். எல்லாம் இருபது நிமிடத்துக்குள். அம்புலன்ஸ் புறப்படுமுன் என்னைக் கூப்பிட்டு, "என்ன மருந்து எடுத்தார் என்று பார்" என்றார்.

தெய்வானையின் இடுப்பில் செருகியிருந்த சிறு பைக்குள் நான் ஒட்டிய உறை ஒன்று இருந்தது. உள்ளே நாலு குளிசை. உறையில் என் கையெழுத்து. ஆனால் பெயர் தெய்வானை இல்லை, பாக்கியம். நிமிர்ந்து பார்த்தேன். லொறியில் கூட வந்த இரண்டு பெண்களில் ஒருவர்தான் பாக்கியம். என் கையிலிருந்த உறையைப் பார்த்ததும் அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இது ஒங்களுக்குக் குடுத்ததாச்சே?" என்று நான் தொடங்கினேன். டொக்டர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். எல்லோருக்கும் முன்னால் அதைக் கேட்கவிடவில்லை. மத்தியானம் மருந்தகத்துக்கு வந்து பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"மிஸ்டர் வீரையா, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நேரம் இருக்குமா?"

ஞாயிற்றுக்கிழமை இருவரும் அந்தப் பெண்கள் வேலை செய்யும் தோட்டத்துக்குப் போனோம். ரோட்டிலிருந்து படியேற வேண்டும். பைப்படியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைக் கண்டு எழுந்து நின்றார்கள். தெய்வானை பிழைத்துக்கொண்டார், பேச்சும் கொஞ்சம் வருகிறது என்று நுவரெலியாவிலிருந்து வந்த செய்தியை டொக்டர் முதலில் சொன்னார். அதன்பிறகுதான் அவர்களுக்கு முகம் தெளிந்தது. பாக்கியம் லயத்தில் தன் காம்பரா வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிளேன் டீ கொடுத்தார். லொறியில் வந்த மற்றப் பெண் ராமாயியும் வந்து கதவோரம் நின்றார்.

பாக்கியம்தான் சொன்னார். "ரெண்டு கெழமைக்கு ஒருக்கா வரச் சொன்னீங்கதானே ஐயா. கிளினிக்குக்கு வந்தா அன்னைக்குப் பேரு இல்ல."

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் 'பேர்' என்றுதான் சொல்வார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்க வேண்டும், அன்றைய அளவுக்குக் கொழுந்து எடுக்க வேண்டும். அப்போதுதான் பேர் விழும். மத்தியானம் ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறவருக்கு எந்த மலையிலும் இடமில்லை. இது எனக்குத் தெரியாததா? என் அம்மா இப்படித்தான் வாழ்ந்தார். ஆனால் ஜன்னலுக்குப் பின்னால் நின்ற அத்தனை வருடத்தில் ஒரு நாளும் எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

"மாசத்துல ரெண்டு நா போனா வீட்டுல சாமான் வாங்க ஏலாது. அதனால நாங்க மூணு பேரும் மொறை வச்சிக்கிட்டோம். ஒரு தடவ நான் வந்து வாங்குவேன். அத மூணாப் பிரிச்சிக்கிறது. அடுத்த தடவ தெய்வான போகும். அதுக்கடுத்து ராமாயி."

"மூணு பேருக்கும் ஒரே குளுசைன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நெறத்தப் பாத்துத்தான் ஐயா. வித்தியாசமா இருந்தா எடுக்க மாட்டோம்."

மிஞ்சிய குளிசைகளின் கணக்கு எனக்கு அப்போது விளங்கியது. அந்த லயத்தில் மட்டுமா இந்த முறை? மூன்று பேர் வர வேண்டிய இடத்தில் ஒருவர் மட்டும் வந்து தன் பங்கை வாங்கிப்போக, மற்ற இருவரின் பங்கு என் ராக்கையில் இருந்தது. அதைப் பார்த்து நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை?" என்று டொக்டர் தன் தமிழில் கேட்டார்.

ராமாயி கதவோரத்திலிருந்து சொன்னார்: "சொன்னா ஐயா ஏசுவாருங்களே."

டொக்டருக்கு அது விளங்கியது. ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எனக்கு அத்தனை வலித்திருக்காது. நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, எப்ப வந்தா ஒங்களுக்குச் சரி?" என்று டொக்டர் பாக்கியத்திடம் கேட்டார்.

"நாலரைக்கு அந்திக் கொழுந்த தராசுல நிறுத்துட்டா அப்படியே வந்திருவோம், டொக்டரம்மா. அதுக்கப்புறம் இருக்கிறது வீட்டு வேல. அதுக்கு யாரும் பேரு வெட்ட மாட்டாங்க." பாக்கியம் சிரித்தார். "ஆனா அந்நேரத்துக்கு நீங்கதான் அங்க இருக்க மாட்டீங்க."

படியிறங்கி வரும்போது டொக்டர் பாதி வழியில் நின்றார். "இரண்டு வருடமாக அவர்களுடைய கொப்பியில் 'வரவில்லை' என்று எழுதுகிறேன்" என்றார் சிங்களத்தில்.

மறுநாளே ஊழியர்களைக் கூட்டினார். கிழமையில் இரண்டு நாள், கிளினிக்கை மாலை நாலே முக்காலுக்கு மாற்றலாமா? செலவைக் குறைக்க வேண்டுமென்று மேலதிக நேர வேலையை நிறுத்தியிருந்த காலம் அது. ஆகவே அதே எட்டு மணித்தியாலம்தான். காலை எட்டுக்கு வராமல் பதினொன்றுக்கு வந்து ஏழுக்குப் போவது. யார் தயார் என்று கேட்டார்.

முதலில் மறுத்தவன் நான். என் வீடு நானுஓயாவில். கடைசி பஸ் ஆறேகாலுக்குப் போய்விடும். ஓய்வுக்கு நாலு வருடம்தான் இருக்கிறது, இந்த வயதில் புதுப் பழக்கமா என்றும் சொன்னேன். தில்ருக்ஷி மிஸ்ஸிக்குக் கைக்குழந்தை. அவரும் மறுப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் யோசித்துவிட்டு, "எனக்குக் காலை நேரம் கிடைத்தால் நல்லது, டொக்டர். பிள்ளையோடு இருக்கலாம். மாலையில் என் கணவர் வந்துவிடுவார்" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதவோரம் நின்று ராமாயி சொன்னது எனக்குள் அப்படியே இருந்தது. கிளினிக் நாட்களில் வைத்தியசாலைக் குவாட்டர்ஸில் தங்கிக்கொள்கிறேன் என்றேன்.

அனுமதி வாங்குவது வேறு வேலை. இரண்டு கடிதத்துக்குப் பதில் வராததால், எங்கள் வைத்தியசாலைக்குப் பொறுப்பான பணிப்பாளரின் அலுவலகத்துக்கு டொக்டரும் நானும் நேரே போனோம். பணிப்பாளர் நல்ல மனிதர். தேநீர் வரவழைத்தார். கடிதத்தை முழுவதும் வாசித்தார்.

"இதற்கு எவ்வளவு செலவாகும்?"

"ஒன்றுமில்லை, சேர். அதே ஆட்கள், அதே மணித்தியாலம்."

"செலவு என்றால் அதற்கொரு படிவம் இருக்கிறது, டொக்டர். செலவே இல்லாததை நான் எதில் அனுமதிப்பது? முறைப்பாடு ஏதும் வந்தால் யார் பொறுப்பு? வாயால் சரியென்று சொல்கிறேன், செய்யுங்கள். எழுத்தில் தர முடியாது."

டொக்டர் எழுந்து நின்றார். குரல் மிக மென்மையாகிவிட்டது.

"மிக்க நன்றி, சேர். எழுத்தில் தர முடியாது என்பதை மட்டும் எழுதித் தந்தீர்களென்றால் எனக்கு மிகவும் உதவியாக இருக்கும்."

அவர் டொக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். எங்கள் கடிதத்தையே இழுத்து அடியில் ஒரு வரி எழுதினார்: 'மூன்று மாதம் பரீட்சார்த்தமாகச் செய்து பார்க்கவும்.' நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறவர்களுக்குக் கையிருப்பைப் பொறுத்து ஒரு மாத மருந்து கொடுக்கலாம் என்றும் சேர்த்தார். தோட்டத்துத் துரை இதைவிடச் சுலபமாக ஒப்புக்கொண்டார். காலையில் ஆள் குறையாது என்றால் அவருக்கும் நல்லதுதானே. கொழுந்தை ஏற்றிக்கொண்டு பெக்டரிக்குப் போகிற லொறி, போகிற வழியில் ஆட்களை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும் என்றார்.

முதல் நாள் நாலே முக்காலுக்கு எல்லோரும் தயாராக இருந்தோம். யாரும் வரவில்லை. ஐந்து மணி. மூடுபனி இறங்கி வாசல் கேட்டே தெரியவில்லை. தில்ருக்ஷி பிரஷர் கருவியைத் துடைத்த துணியாலேயே மறுபடி துடைத்தார். ஐந்தேகாலுக்கு மூடுபனிக்குள் லொறிச் சத்தம் கேட்டது. நான் ஜன்னலை விட்டு வெளியே வந்து பார்த்தேன். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, நனைந்த கால்களோடு, ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டே இருந்தார்கள். கூடத்து நிலமெல்லாம் சேறு. பச்சைக் கொழுந்து வாசம் மருந்தகத்துக்குள்ளும் வந்தது. அவசரமாக ஏறி வந்ததில் எல்லோருக்கும் பிரஷர் கூடுதலாகக் காட்டியது. "பத்து நிமிஷம் உக்காந்து, தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்று டொக்டர் எல்லோரையும் உட்கார வைத்தார். வாங்கு போதாமல் பாதிப் பேர் வார்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்கள். என் ஜன்னலுக்குப் பாக்கியம் வந்தபோது, "இது ஒங்களுக்கு மட்டும்" என்றேன். "தெரியுதுங்க" என்று தலையை ஆட்டினார்.

இரண்டாம் மாதம் மருந்து முடியும் நிலைக்கு வந்தது.

முடியாமல் என்ன செய்யும்? வராதவர்களின் எண்ணிக்கையை வைத்து நான் கேட்ட மருந்து அது. வந்தவர்களுக்கு எப்படிக் காணும்? இன்னும் இரண்டு கிளினிக்குக்குத்தான் இருக்கிறது என்று கண்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நம்பி வந்தவர்களிடம் இல்லையென்று ஒரு தடவை சொன்னால், மறு தடவை லொறி நிற்காமல் போய்விடும். என்னோடு பயிற்சி பெற்ற பண்டார கினிகத்தேனைக்கு அப்பால் ஒரு வைத்தியசாலையில் இருந்தான். அவனோடு தொலைபேசியில் பேசினேன்.

"என்னிடம் மூன்று பெட்டி மிஞ்சியிருக்கிறது. திகதி முடியப்போகிறது. எங்கள் பக்கம் ஆட்கள் மருந்துக்கு ஒழுங்காக வருவதில்லை, மச்சான்" என்றான்.

"அவங்க எத்தன மணிக்கு வேல முடிக்கிறாங்கன்னு கேட்டுப் பாத்தியா?" என்றேன்.

டொக்டரின் கடிதத்தோடு பஸ்ஸில் போய், இருப்புப் பதிவேட்டில் இரண்டு பக்கமும் கையெழுத்திட்டு, மூன்று பெட்டியையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதன்பிறகு ஐந்தாறு மருந்தகங்களுக்குக் கிழமைக்கொரு முறை தொலைபேசியில் பேசுவது வழக்கமானது. எவரிடம் எது மிஞ்சுகிறது, எவரிடம் எது குறைகிறது என்று கேட்போம். மூன்று மாதம் முடிந்தபோது நிறுத்தச் சொல்லி யாரும் எழுதவில்லை, அப்படித்தான் அந்த வருடத்தை ஓட்டினோம்.

நுவரெலியாவில் நீண்ட நாள் சிகிச்சை பெற்றுத் திரும்பிய தெய்வானையும் ஒரு மாலை மகளோடு வந்தார். கையில் தடி. வலது கை மடங்கியபடி நெஞ்சோடு இருந்தது. இனிக் கொழுந்து பறிக்க முடியாது. நான் ஜன்னலைவிட்டு வெளியே வந்து, வாங்கில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தெய்வானம்மா, அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால ஏசினதுக்கு என்னைய மன்னிச்சிக்கங்க."

"என்னைக்குங்க ஐயா?" நாக்குக் குழறினாலும் சொல் தெளிவாக வந்தது. "எத்தன பேரு ஏசுறாங்க. அம்புட்டையும் ஞாபகம் வச்சிருந்தா வேல செய்ய ஏலுமா?"

பகிடியாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வருடக் கடைசி வந்தது. மறுபடி மதிப்பீடு. இந்த முறை கொடுத்ததைப் பார்த்து எழுதவில்லை. ஒவ்வொரு மாலையும் ஜன்னலில் ஒவ்வொருவரின் பெயரையும், அவருக்கு ஒரு வருடத்துக்கு என்னென்ன, எவ்வளவு வேண்டும் என்பதையும் எழுதினேன்.

"எதுக்குங்க ஐயா பேரு எழுதுறீங்க?" என்று ராமாயி கேட்டார்.

"ஒங்களுக்கு வேண்டிய மருந்த ஒங்க பேர் சொல்லியே கேக்கப்போறேன்."

"எம் பேரு கொழும்புக்குப் போகுதா?" என்று வரிசைக்குத் திரும்பிச் சொல்லிச் சிரித்தார்.

பட்டியலை இணைத்து அனுப்பினோம். ஒரே வருடத்தில் தேவை இவ்வளவு கூடியது எப்படி, விளக்கவும் என்று கடிதம் வந்தது. நான் மூன்று பக்கத்தில் விளக்கம் எழுதிக் கொண்டுபோனேன். டொக்டர் வாசித்துவிட்டு, அதை ஓரமாக வைத்து, தன் கையால் ஒரே வரி எழுதினார்: 'நோய் கூடவில்லை, நோயாளர்கள் வந்தார்கள்.'

ரிஸ்னா, எல்லாம் சரியாகிவிட்டது என்று இதை வாசித்து நினைக்க வேண்டாம். கூரை இன்னும் ஒழுகுவது உங்களுக்கே தெரியும். டொக்டர் சமன்மலி அதற்கடுத்த வருடம் ஊர்ப்பக்கம் மாற்றலாகிப் போனார். சில மருந்து இன்றைக்கும் நேரத்துக்கு வருவதில்லை. புதிதாக ஆரம்பிக்கும் இடங்களில் நாலே முக்கால் என்ற நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். அது எங்கள் பக்கத்துக் கொழுந்து நிறுக்கிற நேரம். மரக்கறித் தோட்டம் செய்கிற ஊரில் வேறு நேரம் இருக்கும். போய்க் கேட்கச் சொல்லுங்கள். கிளினிக்கில் கேட்டால் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

டொக்டர் மாற்றலாகிப் போகுமுன், அந்தப் பட்டியலுக்கு மருந்து வந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, கிளினிக் நடந்துகொண்டிருந்தது. காலையில் வர வேண்டிய மருந்து லொறி, வழியில் மண்சரிந்து ரோட்டு மூடியதால் மாலை ஐந்தரைக்குத்தான் வந்தது. சாரதி மட்டும் இருந்தார். சாமான் இறக்க ஆளில்லை. எங்கள் சிற்றூழியர்களில் ஒருவர்தான் அந்நேரத்தில் வேலையில். மழை வேறு தூறத் தொடங்கியது. சாரதி கதவைத் திறந்து, "சீக்கிரம் இறக்குங்கள், நனையப்போகிறது" என்றார். உள்ளே பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன.

நான் மருந்து விவரச் சிட்டையை எடுத்து வாசித்தேன். மறுபடி வாசித்தேன். ஒன்றிரண்டைத் தவிர, கேட்டதெல்லாம் கேட்டபடி வந்திருந்தது.

வரிசையில் முன்னால் நின்ற ராமாயி என் முகத்தைப் பார்த்தார். "என்னங்க ஐயா, வந்திருச்சா?"

"வந்திருச்சும்மா."

அவர் கொப்பியை ரவிக்கைக்குள் செருகிவிட்டு லொறியடிக்குப் போனார். பாக்கியம் போனார். ஒருவர் பின் ஒருவராக வாங்கிலிருந்து எல்லோரும் எழுந்தார்கள். மலையில் கொழுந்துச் சாக்கைத் தூக்குகிறவர்களுக்கு அந்தப் பெட்டி எம்மாத்திரம்? தலையில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சேற்றில் வழுக்காமல் வரிசையாக மருந்தகத்துக்குள் வந்தார்கள்.

"ஐயா, எம் பேருக்கு வந்த பெட்டி எது?" என்று ராமாயி தலைச்சுமையோடு கேட்டார்.

"எல்லாத்துலயும் இருக்கு. எறக்குங்க."

டொக்டர் பிரஷர் கருவியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று சத்தமாகச் சொன்னார்: "பெட்டி தூக்கின எல்லாரும் பத்து நிமிஷம் உக்காரணும். அதுக்கப்புறம்தான் நான் பாக்கிறது!"

கடைசியாகத் தெய்வானை எழுந்தார். மகள் தடுத்தார், கேட்கவில்லை. சாரதி அவரைப் பார்த்துவிட்டு, இருந்ததில் சின்னப் பெட்டி ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். தடியை மகளிடம் கொடுத்து, இடது கையால் பெட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து வந்தார். யாரும் உதவிக்குப் போகவில்லை. வழி மட்டும் விட்டார்கள். நான் மருந்தகக் கதவை அகலத் திறந்து பிடித்தேன்.

"எங்க வைக்கிறது, ஐயா?"

ராக்கையில் கைக்கெட்டும் தட்டைக் காட்டினேன். வைத்தார்.